கன்று வீசிய கொட்டகை

மாடு நோயில் விழுந்த பிறகு ஓடுவதைவிட, விழுவதற்கு முன்பே வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அரசாங்கம் பணம் ஒதுக்கிய பிறகுதான் எனக்கு இந்த வண்டி வேலை வந்தது. வண்டி, டீசல், மருந்து, ஓட்டுநர், கூடவே கால்நடை மருத்துவரான நான். விருத்தாசலத்திலிருந்து கிளம்பினால் ஒருநாள் திட்டக்குடிப் பக்கம், மறுநாள் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். ஒவ்வொரு வீட்டிலும் மாட்டோடு நின்று ஒரு படம் எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் நான் போகவே இல்லை என்று அர்த்தம். சிக்னல் தேடி வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் இன்னும் நாலு மாட்டைப் பார்த்திருக்கலாம்.

அந்தக் கொட்டகை ஊர் எல்லையில் இருந்தது. மூடிப்போன பீங்கான் யூனிட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பொம்மை காயவைத்த இடத்தில் மாடு கட்டியிருந்தார்கள். மாட்டுக்காரர் பல வருடம் துபாயில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியவர். கையில் இருந்ததைப் போட்டுக் கலப்பின மாடுகள் ஐந்து வாங்கியிருந்தார். வாங்கியது அவர், சாணி அள்ளி, தீவனம் போட்டு, பால் கறந்து எல்லாம் பார்த்தது அவர் மனைவி.

நான் முதல்முறை போனபோது அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"சாயங்காலம் ஆனா காய்ச்சல் வருது டாக்டரம்மா. மூட்டு மூட்டா வலி. காலைல பாத்தா ஒண்ணும் இருக்காது. வயசாயிடுச்சுன்னு மாத்திரை குடுக்குறாங்க."

அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆனால் நான் மாட்டைப் பார்க்க வந்தவள். மாட்டைப் பற்றிக் கேட்டேன். ரெண்டு மாடு அடுத்தடுத்துக் கரு கலைந்து கன்று வீசிவிட்டதாம். ஏழு மாசச் சினை. கண்ணு பட்டுவிட்டது என்றார் கணவர். வெயில் என்றார் மனைவி.

"நஞ்சுக்கொடி தானா விழுந்துச்சா?"

"எங்க விழுந்துச்சு? நான்தான் கையை வுட்டு இழுத்தேன்."

"கையில உறை போட்டுக்கிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உறைக்கு எங்கே போவது என்று அர்த்தம். கன்று வீசவைக்கும் கிருமி ஒன்று உண்டு, அது மனிதருக்கும் தொற்றும். எல்லா மாட்டிலும் ரத்தம் எடுத்துக்கொண்டேன். "ஊசி போடுவீங்கன்னு பாத்தா ரத்தத்த எடுக்குறீங்களே," என்று கணவர் முணுமுணுத்தார்.

முடிவு வந்தது. ஐந்தில் மூன்றுக்குக் கன்று வீச்சு நோய். அதைப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். ஓட்டுநர் தம்பி வண்டியை விட்டு இறங்கவில்லை. இந்த மாதிரிச் சேதி சொல்கிற இடத்தில் அவர் இறங்குவதே இல்லை.

"இதுக்கு மருந்து இருக்குதுல்ல மேடம்?"

"மாட்டுக்கு இல்லைங்க. இந்த மூணையும் தனியாக் கட்டணும். பாலை நல்லாக் காய்ச்சாமக் குடிக்கக் கூடாது. சினை மாடுன்னு வேற யாருக்கும் வித்துடாதீங்க. அவங்க கொட்டாய்லயும் பரவிடும்."

அவர் அந்த மூன்று மாட்டையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நிதானமாகத்தான் கேட்டார்.

"நீங்க வந்து பாக்குறதுக்குக் கவர்மெண்ட்டு காசு குடுக்குது. சரி. பாத்துட்டு நீங்க சொன்னீங்களே, அதுக்கப்புறம் நான் என்னா பண்றதுன்னு எதாச்சும் குடுக்குதா?"

நான் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். வருவதற்குத்தான் ஒதுக்கீடு, இழப்புக்கு இல்லை என்றார்கள். எனக்கு முன்பே தெரிந்த பதில்தான்.

கிளம்பும்போது அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கன்று வீசிய மாட்டின் கொடியைக் கையால் எடுத்தேன் என்று சொல்லி ரத்தம் பார்க்கச் சொன்னேன். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கணவர் கவனித்துவிட்டார்.

"மாட்டு டாக்டரு இப்ப மனுசனுக்கும் சீட்டு எழுதுறாங்களா?"

அன்று திரும்பும் வழியில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு கடையில் டீ குடித்தோம். டீ சூடாக இருந்தது என்பதைத் தவிர அந்தச் சாயங்காலத்தில் நல்லதாக எதுவும் நினைவில் இல்லை.

அடுத்த முறை போனபோது கொட்டகைக்கு முன்னால் ஒரு மினி லாரி நின்றது. தரகர் ஒருவர் நோய் கண்ட மாட்டில் ஒன்றின் கயிற்றைப் பிடித்திருந்தார். கணவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே போய்க் கயிற்றைத் தரகர் கையிலிருந்து வாங்கினார்.

"உள்ள போ. வேவாரம் பேசிட்டு இருக்கேன்," என்றார் கணவர்.

"எனக்கும் அதே சீக்குதான்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உங்களுக்கும் தெரியும். இத வாங்கிட்டுப் போறவங்க வூட்லயும் ஒரு பொம்பளதான கைய வுட்டு இழுக்கப் போறா? அவளும் என்னை மாதிரி செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கணுமா?"

"அப்போ இதுங்களுக்குத் தீனி யாரு போடுறது?"

"நான்தான போடுறேன்? நானே போடுறேன்."

தரகர் இரண்டு பேரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாரியில் ஏறிப் போய்விட்டார். கணவர் கொட்டகை வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அன்று படம் எடுக்கவில்லை. போனைப் பையிலிருந்து எடுக்கவே கை வரவில்லை.

அந்த அம்மா வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். காய்ச்சல் விட்டது, வலி மெல்லக் குறைந்தது. கணவர் மறுபடி துபாய்க்கே போய்விட்டார். போவதற்கு முன் என் போனுக்குக் கூப்பிட்டு, "அவளுக்கு ஏதாச்சும்னா பாத்துக்குங்க மேடம்," என்றார். கோபமா நன்றியா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று மாடும் இன்னும் தனித் தடுப்பில்தான் நிற்கின்றன. நல்ல மாடு ஈன்ற கிடேரிக் கன்றுக்கு, அதற்கும் அந்த நோய் வராமலிருக்க நான் தடுப்பூசி போட்டேன்.

அந்தச் சேதி பரவிய பிறகு, பக்கத்தில் உள்ளவர்கள் எங்கள் வண்டியைக் கண்டால் மாட்டைக் கொல்லைப்பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். வண்டி வந்தால் மாட்டுக்குச் சீக்கு வரும் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். கதவு தட்டுகிறோம், காத்து நிற்கிறோம், அடுத்த வீட்டுக்குப் போகிறோம்.

போன வாரம் கொட்டகைக்குப் போனபோது அந்த அம்மா ஒரு பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவளாம். ஒரே ஒரு மாடு, அதுவும் கன்று வீசிவிட்டது.

"பயப்படாத. டாக்டரம்மா உண்மையத்தான் சொல்லுவாங்க," என்று அவளிடம் சொன்னார் அந்த அம்மா.

நான் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். மாட்டின் கழுத்தைத் தடவி நரம்பைப் பிடித்தேன். ரத்தம் குழாயில் நிறைவதை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இருக்காதுல்ல டாக்டரம்மா?"

"பாத்துட்டு நானே வந்து சொல்றேம்மா," என்றேன்.