பூசைக்கு நின்ற மிஷின்

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கிப் போகச் சரிவுப் பாதை குடைந்துகொண்டிருந்தோம். குடையும் மிஷின் ஒரு தெரு நீளம். முன்னே பாறையை அரைக்கும். பின்னாலேயே கான்கிரீட் வளையங்களை அடுக்கிக்கொண்டு போகும். வளையம் மிஷினைவிடக் குறுகலானது என்பதால் பின்வாங்க வழியே கிடையாது. அந்த வேலைக்கு நான்தான் பொறுப்பாளன்.

ஆயுத பூசைக்குத் தென்காசிக்கு வந்திருந்தேன். மிஷினின் ஆபரேட்டர் ராயகிரிக்காரர், என்னைவிட இளையவர். அன்று காலையில் போன் செய்தார்.

“அண்ணாச்சி, இங்கன பாறை நெருக்குதுல்லா. பூசைக்கு நிப்பாட்டவா, வேண்டாமா?”

“வருஷத்துல ஒரு நாள் ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்காம என்னலே பூசை? பொட்டு வச்சு நிப்பாட்டு.”

எங்கள் வீட்டில் அன்று அரிவாள்மனையைக்கூடத் தொடமாட்டோம். பாறைக்கு அந்த வழக்கம் தெரியாது.

மறுநாள் ஐந்தருவியில் குளித்துத் தலை துவட்டும்போது மனைவி போனை நீட்டினாள். ஆபரேட்டர்தான். பாறை நாலாபுறமும் இறுகி மிஷினைக் கவ்விவிட்டதாம், அசையவில்லையாம். வைத்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஆபரேட்டர் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினாரா, அவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்ன வாயைக் கழுவ அஞ்சு அருவியும் போதாது.

மனைவி ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள். “யார்கிட்ட விசாரிக்கப் போறிய? நேத்து நிப்பாட்டச் சொன்னது நீங்கதான?”

வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று அலுவலகத்தைத் திரும்ப அழைத்தேன். நிறுத்தச் சொன்னவன் நான், அவர்மேல் தப்பில்லை என்றேன். அன்றைக்கே ரயில் ஏறினேன்.

மிஷினின் முதுகுக்கும் பாறைக்கும் நடுவே படுத்துக்கொண்டு, ஆபரேட்டரும் நானும் மற்றவர்களும் முறை வைத்துக் கையால் செதுக்கினோம். ஒன்பது நாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று பலமுறை தோன்றியது. சிக்க வைத்தவன் எடுக்காமல் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பத்தாம் நாள் மிஷின் ஒரு சாண் முன்னே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அலுவலகம் என் பொறுப்பை எடுத்து அவரிடம் கொடுத்தது. அவருடைய நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்து ஓட்டுகிறேன். பொறுப்பேற்ற அன்று அவர் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“என்னைக் கேக்காம நிப்பாட்டிராதிய, அண்ணாச்சி.”

“சரி சார்” என்றேன்.