அருவிக்கு மேலே அம்மா, கீழே அப்பா

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பா தாம்பரத்தில் ரயில் பணிமனையில் ஃபிட்டர். அம்மா இரும்புலியூர் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். இரண்டு பேரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நானும் முதலில் கையால்தான் பேசினேன். வாய்ப்பேச்சு அப்புறம் வந்தது.

அப்பா ஓய்வு பெற்றது, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்ற பெருமழைக்கு முந்தைய வருஷம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஹம்பி, பாதாமி, இடையில் ஓர் அருவி என்று தாம்பரத்திலிருந்து ஒரு டூர் பஸ் கிளம்புவது தெரிந்ததும் மூன்று பேருக்கும் சீட் போட்டேன்.

பஸ் காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்த ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டார். ஓய்வு பெற்ற டீச்சர்.

"தப்பா நெனச்சுக்காதேம்மா. கைடு சொல்றது எதுவும் காதுல விழாதே, அவங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "கண்ணு இருக்கே ஆன்ட்டி" என்றேன்.

ஹம்பியில் கைடு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நல்ல பேச்சுக்காரர், மூச்சுவிட மாட்டார். நான் அப்பா அம்மாவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கையால் சொல்லிக்கொண்டே வந்தேன். பேரரசு என்பதற்கு எங்களிடம் சைகை இல்லை. ராஜா, பெரிய ஊர், ரொம்பப் பெரிய ஊர் என்று சுற்றி வளைத்தேன். ஒரு கோயில் சுவர் வந்ததும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

'போதும். உன் கையைப் பார்த்தால் கல்லை எப்போது பார்ப்பது?'

அந்தச் சுவர் முழுக்க வரிசை வரிசையாக யானை, குதிரை, வீரர்கள், ஆடும் பெண்கள். அப்பா கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லோரும் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். கைடு திரும்பி வந்து, "சார் எங்கேம்மா?" என்று தேடினார். அப்பா ஒரு மூலையில் நின்று, எந்தக் குதிரை சண்டி, எந்தக் குதிரை சாது என்று அம்மாவுக்கு நடந்து காட்டிக்கொண்டிருந்தார். கைடு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

அம்மா பஸ்ஸில் எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டார். காது கேளாதவர்கள் யாரையும் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்து ஒரு சைகை வைப்பார்கள். கைடு, குடை. டிரைவர், மீசை முறுக்கு. டீச்சருக்கு, தலையில் மாட்டியிருக்கும் மூக்குக்கண்ணாடியை மடியில் தேடுவது. நான் அதைச் சொன்னதும் டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அருவிக்குப் போன அன்று மேற்கே நல்ல மழை பெய்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். படிக்கட்டில் இறங்கி எல்லோரும் கீழே பாறைக்குப் போனார்கள். அம்மாவுக்கு முட்டிவலி. அவருடன் நான் மேலே தடுப்புக் கம்பியோரம் நின்றேன். டிரைவர் டீக்கடையில் இருந்தார்.

அம்மா அருவியை அதிகம் பார்க்கவில்லை. கூட்டத்தில் பிரிந்து நிற்கும்போது அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணிலிருந்து விடமாட்டார்கள். திடீரென்று அம்மா என் கையை இறுக்கினார்.

கீழே அப்பா ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தார். பக்கத்தில் கைடு வாயருகே கை குவித்துக் கத்துவது தெரிந்தது. ஒரு சொல்கூட மேலே வரவில்லை. அப்பாவின் முகமும் தெரியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன.

'விழுந்துவிட்டார். கால். நடக்க முடியாது.'

அம்மா கையை உயர்த்தி, 'யார்?' என்றார்.

அப்பா தலையைத் தடவி மடியில் தேடினார்.

'தலையில் அடியா?'

'இல்லை. நாற்காலி, கயிறு, இரண்டு ஆள்.'

நான் டீக்கடைக்கு ஓடினேன். "அண்ணா, டீச்சர் விழுந்துட்டாங்க. கால்ல அடி. நாற்காலியும் கயிறும் எடுத்துட்டு ரெண்டு பேர் வரணுமாம்."

"போன்ல டவரே இல்ல, யார் சொன்னது?"

"அப்பா."

டிரைவர் கம்பியோரம் வந்து எட்டிப் பார்த்தார். "அங்கேர்ந்தா? இன்னா மா சொல்ற!" என்றவர் உடனே திரும்பினார். "கயிறு பஸ்ல கீது. கடைக்காரரே, அந்தச் சேரைக் குடு."

அவர்கள் இறங்குவதற்குள் அம்மா கீழே சொல்லிவிட்டார்: 'வருகிறார்கள். காலை அசைக்காதே. துண்டால் கட்டு.' அப்பா குனிந்து கட்டினார். டீச்சரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள்.

கம்பியோரம் வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அருவியை விட்டுவிட்டு அம்மாவின் கைகளையே பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து மின்சார ரயிலில் அந்தப் பார்வையை எத்தனையோ முறை தாங்கியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்று திரும்பவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எங்க அம்மா" என்று சொன்னேன். "கீழ நிக்கறது எங்க அப்பா."

அடுத்த ஊரில் டீச்சருக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கணுக்காலில் விரிசல். ஊருக்கு அனுப்பிவைப்பதாகக் கைடு சொன்னதற்கு, "பாதாமியைப் பாக்காம நான் வரமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் குகைக்கோயிலுக்கு ஏறியபோது அவரும் அம்மாவும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி வந்து பார்த்தால் டீச்சர் கையால் பேசிக்கொண்டிருக்கிறார். மழை, வலி, பசி. சிவந்த மலைக்கு ஒரு சைகையை இரண்டு பேரும் சேர்ந்தே உண்டாக்கியிருந்தார்கள்.

திரும்பி வந்து இரும்புலியூரில் எங்களை இறக்கிவிடும்போது கைடும் கூடவே இறங்கினார். "அடுத்த மாசம் ஹளேபீடு, ஜோக் அருவி போறோம். சாரும் அம்மாவும் வருவாங்களான்னு கேளுங்களேன்."

கேட்டேன். அப்பாவும் அம்மாவும் ரோட்டோரத்திலேயே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

'நாங்கள் போகிறோம். உனக்கு எதற்கு லீவு? நீ ஆபீஸுக்குப் போ.'

போனார்கள். அடுத்த மாதம் அதே நிறுத்தத்தில் அவர்களை ஏற்றிவிட்டேன். கால்கட்டுப் பிரித்திருந்த டீச்சர் ஜன்னல் வழியாக அம்மாவை அழைத்து, பிடித்துவைத்திருந்த சீட்டைக் காட்டினார். பஸ் கிளம்பியது. நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், என் பஸ்ஸுக்கு நின்றேன்.