லிப்ட் கதவைப் பிடித்திருந்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸின் ஐந்தாம் மாடியில் ஒரு கட்சித் தலைவர் குடியிருந்தார். வெள்ளைச் சேர்ட், தடித்த கண்ணாடி, மழையில்லாத நாளிலும் கையில் குடை. லிப்டில் எல்லாரும் ஏறி முடியும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். மீன் பையோடு வருபவருக்கும் அதே மரியாதைதான்.

கடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கொழும்பில் ஒரேயொரு ஆசனம் கிடைத்தது. கட்சிக்குப் போடும் வாக்கோடு, அதன் வேட்பாளர்களில் பிடித்தவருக்கும் விருப்பு வாக்கு போடலாம்; அது அதிகம் எடுத்தவருக்குத்தான் ஆசனம் போகும். புதுமுகம் ஒருவருக்குப் போனது. தலைவர் தோற்றுப்போனார்.

முடிவு வந்த மறுநாள் காலை லிப்டில் அவரும் நானும் மட்டும். எனக்கு மனம் கேட்கவில்லை.

"ஐயா, நீங்கள் எப்பிடியும் வெல்லுவீங்கள் எண்டு நினைச்சு, நாங்கள் வீட்டில எல்லாரும் அந்தப் புது ஆளுக்கு மட்டும் போட்டிட்டம்."

"ஓம் தம்பி, எங்கட வீட்டிலயும் அப்பிடித்தானாம். இப்பதான் மனுசி சொன்னவ."

கீழே வந்ததும் வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு, என்னை முதலில் இறங்கச் சொன்னார். அந்தக் கையின் சுண்டுவிரலில் வாக்களித்த மை அழியாமல் இருந்தது.

அவராவது தனக்குப் போட்டாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.