குறட்டையும் குடுவையும்

என் அக்காவுக்கு வாய் நீளம். அதனால்தான் அன்று நாலு மணிக்கு அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு, உணவகத்தின் நடு மேசையில் உட்கார வேண்டி வந்தது.

அவள் அங்கே ஒயின் பரிமாறுகிறவள். பதினாறு வருடமாக அதே வேலை. பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, ஒரு மிடறு சுவைத்து, சரியாக இருந்தால்தான் மேசைக்குக் கொண்டுபோவாள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் ‘மூக்கக்கா’. நான் அதே இடத்தில் பின்கட்டில் கோப்பை துடைக்கிறவள். எனக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் முன்பு மேலாளர் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கருவிகள் வாங்கி வந்தார். பாட்டில் வாயில் செருகி ஊற்றினால் போதும், ஒயினோடு காற்று கலந்து மணம் கூடிவிடுமாம். அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் தேவுடு காக்க வேண்டாமாம். ஊற்றும்போது அது ‘கொர்ர்’ என்றது. குறட்டை என்று நாங்கள் பெயர் வைத்தோம்.

“இனிமே குடுவையும் வேணாம், அதுக்குன்னு தனியா ஒரு ஆளும் வேணாம்” என்றார் மேலாளர்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். “கண்ணைக் கட்டிட்டு ரெண்டையும் குடுங்க சார். எது குடுவை, எது குறட்டைன்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா, வர்றவங்க கழட்டித் தர்ற கோட்டை வாங்கி மாட்டுற இடத்துல போய் நின்னுக்கறேன்” என்றாள். முதலாளியம்மா காதில் அது விழுந்தது. அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. உடனே நாள் குறித்துவிட்டார்.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் அவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. நான் மாடியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தேன். “ஏண்டி இப்படி ஓடி வர்ற?” என்று அவள் கேட்டாள். கருகிய பாத்திரத்தை அவள் மூக்கருகே நீட்டினேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூக்கு போன விஷயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. போட்டி நாள்வரை சமாளிப்போம், அதற்குள் வந்துவிடும் என்றோம். வரவில்லை. கடைசியில் நான்தான் திருட்டு யோசனை சொன்னேன். முதலில் கொடுப்பது குடுவையில் ஊற்றியது என்றால் நான் ஒரு தடவை இருமுவேன். அக்கா எழுந்து பாத்திரம் துலக்கப் போனாள்.

மேலாளர் விவரமான ஆள். கண்ணைக் கட்டியதுமே என்னைப் பார்த்து, “நீ உள்ள போம்மா. கூடப் பொறந்தவ இங்க நிக்கக் கூடாது” என்றார்.

சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றேன். இனி இருமினால் அடுப்படிக்குத்தான் கேட்கும். மூன்று மணிக்குக் குடுவையில் ஊற்றிய ஒயின் மேசை மேல் இருந்தது. அதே வகையில் இன்னொரு பாட்டிலை, நிலவறையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்து, மேலாளர் குறட்டையைச் செருகி ஊற்றினார். இரண்டு கோப்பைகளும் அக்கா முன்னால் வந்தன.

அவள் முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். நன்றாக இழுத்தாள். என்ன நடிப்பு! கொஞ்சம் குடித்தாள். இரண்டாவதையும் அப்படியே. பிறகு கோப்பைகளை வைக்காமல், கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலாளியம்மா முன்னால் சாய்ந்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரெண்டாவதுதான் குடுவை” என்றாள்.

மேலாளர் முகம் தொங்கிப்போனது. பரிமாறுகிறவர்கள் கைதட்டினார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், யாரும் தடுக்கவில்லை.

“சபாஷ்! சரி, ரெண்டுல எது நல்லாருக்கு?” என்றார் முதலாளியம்மா.

குடுவை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அக்கா கண்கட்டை அவிழ்த்தாள்.

“எனக்குத் தெரியாது மேடம். மூணு வாரமா மூக்குல ஒரு வாசனையும் தெரியல. இது ஒரு மணி நேரம் வெளிய இருந்த ஒயின், சூடேறியிருந்துச்சு. அது ஜில்லுன்னு இருந்துச்சு. அத வச்சுத்தான் சொன்னேன்.”

அவள் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது எனக்கு.

முதலாளியம்மா இரண்டையும் தானே குடித்துப் பார்த்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார்.

“இது புதுசு மேடம். புதுசுக்குக் குறட்டையே போதும், நான் வீம்புக்குத்தான் சண்டை போட்டேன். பழசுக்கு மட்டும் அதை மாட்டிடாதீங்க. அடியில படிஞ்சிருக்கிற கசடு நிக்காது, கோப்பைக்கே வந்துரும். இருக்கிற கொஞ்சம் மணமும் போயிரும். குடுவையில மெதுவா ஊத்துனாத்தான் கசடு பாட்டில்லயே தங்கும்.”

“பழசுக்குக் குடுவை இருக்கட்டும்” என்றார் முதலாளியம்மா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மூக்கு திரும்பி வர்ற வரைக்கும் நீ கோட்டு மாட்டுற இடத்துல இரு” என்றார். திரும்பி வராவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நான் பொரிந்து தள்ளினேன். “ஜெயிச்சாச்சு, வாயை மூடிட்டு வந்திருக்கக் கூடாதா? அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா நீ?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“போன வாரம் வயசான ஒரு தம்பதி வந்தாங்க, ஞாபகம் இருக்கா? கல்யாணத்தன்னைக்கு யாரோ குடுத்த பாட்டில். நாப்பது வருஷம் பிரிக்காம வச்சிருந்து, பத்திரமா மடியில வச்சுக் கொண்டாந்தாங்க. நான்தான் திறந்தேன். முகர்ந்து பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, பிரமாதமா இருக்குன்னு சொன்னேன். குடுவையில ஒரு சொட்டு கசடு விழாம ஊத்துனேன்.”

“அதுக்கென்ன?”

“உள்ள போனதும், பாட்டில் அடியில மிச்சம் இருந்ததை நம்ம சமையல்காரர் மோந்து பார்த்தார். கார்க்குல பூஞ்சை புடிச்சு, மக்கின ஈரத்துணி மாதிரி நாறுதுன்னு தூக்கிப் போட்டார். நான் வெளிய ஓடினேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் முழுசாக் குடிச்சு முடிச்சிருந்தாங்க. அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘எங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா, நீ நல்லாருக்குன்னு சொன்னதே போதும்’னு சொன்னாங்கடி.”