அண்ணன் கேட்ட ஒரு தோட்டா

எனக்குப் பிடித்த தோட்டா எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். முந்நூற்றுப் பதினைந்து ரைபிளுக்குப் போடும் பித்தளைத் தோட்டாதான். நடுவிரல் நீளம் இருக்கும், நுனியில் ஈயம் மழுங்கலாகத் தெரியும். ஒன்றுதான் போகும், போன இடத்தில் வேலையை முடித்துவிடும். என் அண்ணனுக்கு அதைக் கண்டாலே இளக்காரம். அவனிடம் இருந்தது 'பன்னிரண்டு போர்' என்கிற அகலக் குழல் துப்பாக்கி. அதற்கு எல்.ஜி. என்று ஒரு தடித்த தோட்டா, சுட்டால் உள்ளேயிருந்து ஆறேழு ஈயக் குண்டுகள் சிதறிப் போகும்.

"உனக்கு ஒண்ணு தப்புனா தப்புனதுதான். எனக்கு அம்புட்டுல ஒண்ணாவது படும்லடா" என்பான்.

"ஒண்ணு மட்டும் பட்டுட்டு ஓடுது பாரு, அதாண்ணே பாவம்" என்பேன்.

இந்த வழக்கு எங்களுக்குள் நாற்பது வருஷம் தீராமல் நடந்தது.

வேடசந்தூர் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் ஒரு காட்டு வீடு. கடலையும் மக்காச்சோளமும் போட்டால் பாதி எங்களுக்கு, பாதி பன்றிக்கு. துப்பாக்கி லைசென்சும் பயிர்க் காவலுக்கென்று வாங்கியதுதான். ஆனால் சுட்டதெல்லாம் பயிருக்காக என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். கறிக்காகச் சுட்டோம், ஆசைக்காகவும் சுட்டோம். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டோம். மாதா கோயில் சாமியார் இருக்கும் பங்களாவுக்கும் ஒரு பங்கு போகும். அவரும் என்ன கறி என்று கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

அண்ணன் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். அடிபட்ட உயிரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு குருத்து ஞாயிறன்று காலையில் அவன் சுட்ட பன்றி காயத்தோடு சோளத்துக்குள் புகுந்துவிட்டது. பூசைக்கு நேரமாகிவிட்டது, போகலாம் என்றேன்.

"அது அங்க கெடந்து இழுத்துக்கிட்டு இருக்கும், நீ குருத்தோலையப் பிடிச்சுக்கிட்டு நிப்பியாக்கும்" என்றான்.

ரத்தச் சொட்டு பார்த்துப் பார்த்து மத்தியானம் வரை நடந்தோம். ஓடைக்கரையில் கிடந்தது. என் தோட்டாதான் அதை முடித்தது. அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பன்றியிடம் காட்டும் இரக்கத்தில் கால்வாசியைத் தன்னிடம் காட்டினால் போதும் என்று மதினி சொல்வார்.

போன வருஷம் அவனுக்கு எலும்பில் புற்றுநோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் நாலு மாதம் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் செலவில் அவன் துப்பாக்கியும் விலைபோயிருந்தது. அவனுடைய நாகல் நகர் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். மாத்திரை சில மணி நேரம்தான் கேட்கும். முழுப் பன்றியைத் தோளில் போட்டு வாய்க்கால் தாண்டியவன், போர்வையை மாற்றினால் அழுதான். நான் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. சீக்கிரம் எடுத்துக்கொள் என்றுதான் கேட்டேன். அப்படிக் கேட்ட வெட்கத்தில் மாலையில் இன்னொரு பத்து மணி சேர்த்து உருட்டுவேன்.

ஒரு நாள் மதினி மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

"ரைபிள் காட்டு வீட்டுலதான கெடக்கு?" என்றான்.

"ஆமாண்ணே."

"தோட்டா எத்தனை இருக்கு?"

"நாலு."

"ஒண்ணு போதும்டா."

முதலில் விளங்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பாவம்ணே. ஆகாது" என்றேன்.

"அடிபட்டதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போறவனாடா நீ?"

மதினி வந்ததும் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்குப் பயமாக இருந்தது. அவன் கேட்டதை நினைத்துப் பயப்படவில்லை. அவன் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது, அதற்குத்தான் பயந்தேன். காட்டு வீட்டுக்குப் போய் ரைபிளை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் எதற்காகத் துடைக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அதைச் சாக்கில் சுற்றி, நாலு தோட்டாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

"எலெக்சன் சமயத்துலதான துப்பாக்கிய வாங்கி வைப்போம், இப்ப ஒண்ணும் இல்லையே பெரியவரே, எதுக்கு ஒப்படைக்கிறீங்க?" என்றார் ஏட்டு.

"கண்ணு சரியாத் தெரியல சார்" என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தார்.

அண்ணனிடம் மறைக்க மனமில்லை. அன்றே போய்ச் சொன்னேன். அவன் மேலே ஃபேனைப் பார்த்தான்.

"அப்ப நான் கெடந்து இழுத்துக்கிட்டே இருக்கேன்" என்றான்.

அதன்பின் என்னோடு பேசவில்லை. பத்தொன்பது நாள். நான் கஞ்சி ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்வான், மதினி ஊட்டினால் குடிப்பான். கால் பிடித்துவிடும்போது மட்டும் காலை இழுத்துக்கொள்ள மாட்டான். இழுத்துக்கொள்ளத் தெம்பில்லாமலும் இருந்திருக்கலாம்.

கடைசியில், சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தார். சின்ன வயசுக்காரர், ஊருக்குப் புதுசு. எண்ணெய் பூசி முடித்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

"எல்லாரையும் மன்னிச்சுட்டீங்களா ஐயா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"மத்த எல்லாரையும் மன்னிச்சுட்டேன் சாமி" என்றான்.

சாமியார் அதைக் கவனிக்கவில்லை, அப்பத்தை நாக்கில் வைத்து நன்மை கொடுத்தார். மதினி கவனித்துவிட்டார், என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் பதினோரு மணி வாக்கில் அண்ணன் போய்விட்டான்.

நாற்பதாம் நாள் பூசைக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதே சாமியார்தான். நீங்கள் செய்ததில் பாவம் எதுவும் இல்லை, நல்ல காரியம்தான் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லி, ஒரு அருள்நிறை மந்திரம்கூட அபராதமாகக் கொடுக்காமல் அனுப்பினார். நான் அங்கே போனது மன்னிப்புக்கு. சாமியார் கணக்கில் என்னிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. மன்னிக்க வேண்டியவன் ஒருவன்தான் இருந்தான், அவன் என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.