பவர் அக்காவின் கரையாள்

கண்ணாடிக் கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். சுவர் முழுக்க ஃபிரேம்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகம், எந்த மூக்கில் எதை வைத்தாலும் "உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்று சொல்லக் கூசாத ஒரு கவுண்டர்காரர். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு தட்டிக்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத அறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினோடு உட்கார்ந்திருப்பவள்தான் நம் கதையின் ஆள்.

கடையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். சீட்டில் இருக்கும் பவரை உரக்கப் படித்துவிட்டுத்தான் மெஷினில் கைவைப்பாள் என்பதால் வந்த பெயர் அது. மற்றபடி அவளுக்குப் பவர் என்று ஒன்றும் கிடையாது. அறையில் மின்விசிறி நின்றுபோனபோது அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வாய் வராமல் இரண்டு கோடையை வியர்வையில் ஓட்டியவள். யாரிடமும் எதையும் கேட்பதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் எல்லோரும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அம்மா இருந்தவரை வீட்டில் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. அம்மா போனபிறகு அதுவும் இல்லை. வேறு நாட்டில் இருக்கும் அண்ணன் எப்போதாவது போன் செய்து, "உடம்பைப் பார்த்துக்கோ" என்பான். யார் உடம்பை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டதில்லை. வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. துவைத்த துணியையே மறுபடி மடித்து வைப்பாள்.

அப்படிப்பட்டவள் விண்ட்சர்ஃபிங் என்கிற பாய்ப்பலகை ஏறப் போனாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏரியில் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர் ஒருநாள் கடைக்கு வந்தார். முப்பது வயதுக்காரர், வெயிலில் கருத்த மூக்கு. கண்ணாடி முழுக்கக் கீறல். மணலைப் போட்டுத் தேய்த்தாரா என்று பார்க்கவே பவர் அக்கா தட்டிக்கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

"தண்ணியில விழுந்து விழுந்து இப்படி ஆயிடுச்சுக்கா. பலகை மேல நின்னுக்கிட்டு, பாயைக் கையில பிடிச்சுக்கிட்டு, காத்துல போவோம்."

"விழுந்தா என்ன ஆகும்?"

"நனைவோம்."

இவ்வளவு நேர்மையான பதிலை அந்தக் கடையில் அவள் கேட்டதே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் போய் நின்றாள்.

முதல் சில வாரங்கள் தண்ணீரே கிடையாது, கரையில்தான் பாடம். கம்பத்தைப் பாயின் உறைக்குள் செருக வேண்டும். அடியில் இருக்கும் கயிற்றை, காலை உதைத்துக்கொண்டு, முகம் சிவக்க இழுக்க வேண்டும். அது போதவில்லை என்றால் பாய் தொளதொளவென்று ஆடும், காற்று பிடிபடாது. பிறகு நெஞ்சு உயரத்தில் வளைந்த பிடியை மாட்டி, கடைசியாகக் கம்பத்தின் அடிமூட்டைப் பலகையில் பொருத்தி, அது 'டக்' என்று விழுந்ததா என்று ஒருமுறைக்கு இருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியை ஃபிரேமில் உட்கார வைத்தே பழகிய கைக்கு அந்த 'டக்' புரிந்தது. அதில் அவள் யாருக்கும் சளைக்கவில்லை.

தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கூத்து. காற்றுக்கு முதுகைக் காட்டி நில். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். முழங்காலை மடக்கு. பாயை முதுகால் தூக்காதே, காலால் தூக்கு. எல்லாம் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, மல்லாக்க விழுந்தாள். குப்புற விழுந்தாள். பாய்க்கு அடியிலேயே போய் விழுந்து, மேலே கையை முட்டுக்கொடுத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடியை எலாஸ்டிக் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். வீட்டுக்குப் போனால் விழ வைக்கக்கூட ஆள் இல்லையே, இங்கே காற்றாவது தள்ளிவிடுகிறது.

ஒருநாள் பலகை நகர்ந்தது. அவள் விழவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏரியில் மாஸ்டருக்கு மூன்று சட்டம். பலகையை விட்டு நீந்தாதே. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இறங்காதே. கரையாள் இல்லாமல் மஞ்சள் மிதவையைத் தாண்டாதே. கரையாள் என்றால், நீ திரும்பும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். புருஷனோ, தங்கையோ, சிநேகிதனோ, யாரோ ஒருவர். கிளம்புமுன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் விட வேண்டும், அது அந்தக் கரையின் வழக்கம். செருப்பு கிடக்கும்வரை கரையாள் எழுந்து போகக்கூடாது. கரையாள் இல்லாதவர்கள் மாஸ்டரின் கொட்டகை வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அவர் கண்ணெதிரே, மிதவைக்கு உள்ளே மட்டும் சுற்றலாம்.

பவர் அக்கா நன்றாகவே பழகிவிட்டாள். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் மாஸ்டர் கேட்டார்.

"அக்கா, இனிமே நீங்க மிதவைக்கு அந்தப் பக்கம் போகலாம். உங்க கரையாள் யாரு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் இல்லை என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மரத்தடி பெஞ்சில் ஒரு பெரியவர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிறுதோறும் காற்று வாங்க வருபவர். கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"அதோ, எங்க அண்ணன்."

"அண்ணே, பார்த்துக்குங்க!" என்று மாஸ்டர் கத்தினார். பெரியவர் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்தாரோ என்னவோ, கையை ஆட்டினார். பவர் அக்கா வெட்கம் பிடுங்கித் தின்ன, சத்தம் போடாமல் போய் அவர் காலடியில் செருப்பை விட்டாள். அதற்குள் அவர் மறுபடி தூங்கியிருந்தார்.

அப்புறம் வாரா வாரம் அதே கதைதான். மாஸ்டர் கத்துவார், பெரியவர் கையாட்டுவார். இவள் மிதவையைத் தாண்டிப் போய் வருவாள். ஒரு வார்த்தை பேசாமலே அண்ணன் தங்கை உறவு அமோகமாக நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரி கரையோரம் அசையாமல் கிடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். பவர் அக்கா தண்ணீரைப் பார்த்தாள், மரங்களின் உச்சியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கிளைகள் ஏரிப்பக்கமாகச் சாய்ந்து ஆடுவது தெரிந்திருக்கும். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி அடிக்கிற காற்று அது. கரையோரம் மரங்கள் மறைத்துக்கொள்ளும், அதனால் ஒன்றும் தெரியாது. தள்ளிப் போனபிறகுதான் பிடிக்கும்.

மிதவையைத் தாண்டியதும் பிடித்தது. பாய் படீரென்று நிறைந்தது. பலகையின் மூக்கு எழும்ப, தண்ணீர் இரு பக்கமும் சீறிக்கொண்டு ஓடியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஜன்னல் இல்லாத அந்த அறைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம், அவளுக்கு அது கிடைத்ததே பெரிது.

திரும்பலாம் என்று பார்த்தபோது மரங்கள் குட்டையாகியிருந்தன. பாயைப் பின்பக்கம் சாய்த்தால் பலகை காற்றுக்கு எதிராகத் திரும்பும், பாடம் அதுதான். சாய்த்தாள். காற்று அவளையும் பாயையும் சேர்த்து அறைந்தது. ஏறினாள், இழுத்தாள், விழுந்தாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் ஏரி அவளை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனது. கை விரல்கள் மடங்க மறுத்தன. தூரத்தில், மதகுக்கு முன்னால் கட்டியிருந்த சிவப்பு மிதவை வரிசை தெரிந்தது. மதகு திறந்திருக்கும் நாளில் அதைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெல்ல உயர்த்தி, மெல்லத் தாழ்த்தினாள். ஆபத்து என்று சொல்ல மாஸ்டர் கற்றுக்கொடுத்த சைகை. கரையாள் அதைப் பார்த்தால் கொட்டகைக்கு ஓடுவார். படகு வரும்.

தன் கண்ணாடியைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டவள் அவள். தூரத்தில் இருப்பதும் துல்லியமாகத் தெரியும். பெரியவர் எழுந்தார். சோம்பல் முறித்தார். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே!" என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அந்தக் குரலை எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டு போனது.

அவர் நல்ல மனிதர்தான். காலடியில் கிடந்த செருப்பை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கையை ஆட்டிக் காட்ட அங்கே யாரும் இல்லை, மாஸ்டரும் புதியவர்களும் கொட்டகைக்குள் போயிருந்தார்கள். மாஸ்டரின் குரலை வரவழைத்துக்கொண்டு தனக்குத்தானே உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். பலகையை விடாதே. பிடியின் கயிற்றைத் தளர்த்து. பாயைக் கம்பத்தோடு சுருட்டு. சுருட்டியதைப் பலகை மேல் நீளவாக்கில் வை. குப்புறப் படு. காற்றோடு மல்லுக்கு நிற்காதே, அதற்குக் குறுக்கே போ. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, பக்கத்துக் கரையின் கோரைப் புல்லை நோக்கிப் போனாள். சிவப்பு மிதவை ஒன்று, தொட்டுவிடும் தூரத்தில், ஆடிக்கொண்டே பின்னால் போனது. முழங்கை சேற்றில் இடித்தபோதுதான் தப்பித்துவிட்டோம் என்று தெரிந்தது. சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அங்கே அழுவதற்கு ஒரு வசதி இருந்தது, ஈ காக்கை கிடையாது.

பிறகு பலகையைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கரையோரமாகவே சுற்றி நடந்து வந்தாள். கிளிஞ்சல் காலைக் கிழித்தது. வந்து சேர்ந்தபோது கொட்டகையில் டீ ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் புதியவர்களுக்கு முடிச்சுப் போடக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, இன்னிக்கு நல்ல காத்தா?"

பவர் அக்கா தலையாட்டினாள். பாயை அலசிக் காயப்போட்டாள், பலகையை அடுக்கில் வைத்தாள். பெஞ்சடியில் செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது. போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அடுத்த வாரமும் மிதவையைத் தாண்டலாம். சொன்னாலோ, மாஸ்டர் இனி வரவே கூடாது என்பார். அவளுக்கென்று இருந்த ஒன்றே ஒன்று போய்விடும்.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். மதகில் போயிருந்தால் யாருக்கு எப்போது தெரிந்திருக்கும்? நாளைக்குக் கடையில் அவள் லீவு என்று நினைப்பார்கள். கவுண்டர்காரர் தேடுவார், அவளையல்ல, தேய்க்காத லென்ஸை. அண்ணன் அடுத்த போனில் "எடுக்க மாட்டேங்கறா" என்று சலித்துக்கொள்வான். தண்ணீரில் வராத கோபம் இப்போது வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து வெறுங்காலோடு மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், கொஞ்சம் இப்படி வாங்க."

அவர் வந்தார். சொன்னாள். காற்றைப் பார்க்காமல் போனது, திரும்ப முடியாமல் போனது, சிவப்பு மிதவை, கோரைப் புல், எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேனே... உங்க அண்ணன் என்ன பண்ணாரு? மனுஷனா அவரு?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்கு யாரும் இல்ல மாஸ்டர்."

சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் கத்தினார். பொய் சொன்னதற்குக் கத்தினார், காற்றைப் பார்க்காததற்குக் கத்தினார். "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று கேட்டபோது அவர் குரலே உடைந்தது. புதியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவர் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்காக ஒருவர் பயந்து பார்த்து வெகுகாலம் ஆயிற்று. திட்டு இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று இருந்தது.

"மிதவையை இனிமே தாண்டக்கூடாது. என் கண் முன்னாலதான்" என்றார் கடைசியில். "காலைக் கழுவி மருந்து போடுங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? போய்ச் சேர்ந்தீங்கன்னு தெரிய வேணாமா?"

பஸ்ஸில் அந்த வாக்கியத்தை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஈரத் துணியோடு நின்றபடியே போன் செய்தாள்.

"மாஸ்டர், நான்தான். வந்துட்டேன்."

"ஆங், சரிக்கா" என்றார் அவர். பின்னால் குழந்தை ஒன்று ஏதோ கேட்டு அடம்பிடித்தது, பாத்திரம் விழுந்தது, யாரோ சிரித்தார்கள். "வச்சிடறேன்."

வைத்துவிட்டார். பவர் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தாள்.