செலின் வீட்டுக் கிழக்கு

1966ஆம் வருஷ மழை பிடிப்பதற்குள் செலின் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. மூத்த மகள் ஞானசெல்விக்கு ஒன்பது வயது. இன்னும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அந்தமானின் லாங் ஐலண்டில் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. படகு வந்து நிற்கும் ஜெட்டிக்கு மேலே மேட்டில், தகரக் கூரை போட்ட ஒரே அறையில் எல்லாப் பாடமும் ஹிந்தியில் நடந்தது. இந்த வருஷமும் விட்டால் அவள் வயதுக்கு அங்கே இடம் கிடைக்காது என்று அங்கே பாடம் நடத்தும் மண்டல் மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

செலின் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள். கணவன் ஜெபராஜுக்குத் தீவில் தச்சு வேலை கிடைத்து, கப்பலேறி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வந்த மாதமே அவன் மிச்சப் பலகை ஒன்றை இழைத்துக் கரி பூசிக் கொடுத்தான். அடுப்படிச் சுவரில் அதைச் சாய்த்து வைத்து அவள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டாள். மாணவி ஒருத்திதான். சோறு வடித்தபின் தமிழ், குழம்பு கொதிக்கும்போது வாய்ப்பாடு, மத்தியானம் ஜெப புத்தகத்தில் வாசிப்பு. கப்பலில் வரும் சாமான்களைச் சுற்றிய தமிழ்ப் பத்திரிகைத் தாளைக்கூட அவள் நீவி மடித்துப் பாடமாக்கினாள். ஞானசெல்வி பின்னக் கணக்குப் போடுவாள். ஊரிலிருக்கும் சித்திக்குத் தானே கடிதம் எழுதுவாள். ஹிந்தியைத் தெருவில் விளையாடியே கற்றுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கமலாட்சியிடம் செலின் யோசனை கேட்டாள். கமலாட்சியின் குடும்பம் வெள்ளைக்காரனின் ஜெயில் காலத்திலிருந்தே இந்தத் தீவுகளில் இருப்பது.

“என் மூணு பிள்ளைங்களும் அங்கேதான் படிச்சுது. பெரியவன் இப்போ போர்ட் பிளேர்ல கிளார்க்” என்றாள் கமலாட்சி.

“அப்போ சேர்த்துரலாம்ங்கிறீங்களா அக்கா?”

“அரே, இரு. அவன்கிட்ட தமிழ்ல நாலு வரி லெட்டர் எழுதச் சொல்லு பார்ப்போம். பேனாவை வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவான்.”

இந்தப் பதில் செலினை இரண்டு பக்கமும் இழுத்தது. வீட்டிலேயே வைத்திருந்தால் மகளுக்குத் தமிழ் இருக்கும், சர்டிபிகேட் இருக்காது. அனுப்பினால் சர்டிபிகேட் இருக்கும், இரண்டு வருஷத்தில் சித்திக்குக் கடிதம் நின்றுபோகும். ஜெபராஜிடம் கேட்டால், “நீ படிச்சவ, நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டான்.

கடைசியில், மாஸ்டர் பரீட்சை வைத்துத்தான் பார்க்கட்டுமே என்று மகளைக் கூட்டிக்கொண்டு மேடேறினாள். தேறாவிட்டால் நல்லது என்ற நினைப்பும் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது.

மண்டல் மாஸ்டர் கணக்குக் கொடுத்தார். ஞானசெல்வி கரும்பலகையில் விறுவிறுவென்று போட்டாள். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செலின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்து மாஸ்டர் ஹிந்தியில், “சூரியன் எங்கே உதிக்கும்?” என்று கேட்டார்.

“கிழக்கே.”

“கிழக்கு எந்தப் பக்கம்? காட்டு.”

ஞானசெல்வி யோசிக்காமல் ஜெட்டிப் பக்கம் கையை நீட்டினாள்.

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மாஸ்டர் கேட்டார். “அம்மா” என்றாள் அவள். சிரிப்பு இன்னும் கூடியது.

செலினுக்குக் கோபம் வந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், “கடல் இருக்குற பக்கம் கிழக்குதானே, மாஸ்டர்ஜி?” என்று கேட்டாள். மாஸ்டர் பிள்ளைகளைக் கையமர்த்தினார். “சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஜெட்டிக்குப் போய்ப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அவள் ஊரில் கடல் கிழக்கே. சூரியன் தண்ணீருக்குள்ளிருந்துதான் எழும்பும். லாங் ஐலண்டில் வந்து இறங்கிய நாள் ஒரே மேகமூட்டம். ஜெட்டியில் கால் வைத்ததும் எதிரே கிடந்த தண்ணீரை மனம் கிழக்கு என்று வைத்துக்கொண்டது. வீடோ பள்ளத்தில், நெடுநெடு மரங்களுக்கு நடுவே. உச்சிக்கு ஏறியபிறகுதான் அங்கே சூரியன் தெரியும். ஜெட்டிக்கு அவள் போவது மத்தியானப் படகுக்கு மட்டும். சாயந்திரமானால் அடுப்படி.

அன்று சாயந்திரம் போனாள். தண்ணீருக்கு அப்பால் நடு அந்தமான் மலைகளுக்குப் பின்னே சூரியன் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்த ஜெபராஜ் அவளைப் பார்த்து நின்றான்.

“இது மேற்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அஞ்சு வருஷமா ஏன் சொல்லல?”

“ஒரு தடவை சொன்னேன். உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்ட. விட்டுட்டேன்.”

வழியில் கமலாட்சி விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மத்லப், அதாவது தெற்குன்னு நினைச்சு இத்தனை நாளா வடக்கே தலை வெச்சுப் படுத்திருக்கீங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

வீட்டில் ஞானசெல்வி பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“நான் அங்க போமாட்டேம்மா. எல்லாரும் சிரிக்காங்க. நீயே சொல்லிக்குடு.”

போன வாரம் இதைச் சொல்லியிருந்தால் செலினுக்கு மனம் குளிர்ந்திருக்கும். இப்போது பயமாக இருந்தது. தான் சொன்னதெல்லாம் இவளுக்கு வேதம். இன்னும் எதையெல்லாம் தப்பாகச் சொல்லியிருக்கிறோமோ? வீட்டில் இருக்கிற வரைக்கும் அதைப் பார்த்துச் சிரிக்கவும் ஆளில்லை.

“ஏட்டி, அவங்க சிரிச்சது உன்னைப் பாத்து இல்ல. என்னைப் பாத்து.”

“உன்னைப் பாத்தும் சிரிக்க வேண்டாம்.”

“சிரிச்சிட்டுப் போட்டும். நாளைக்கு நானும் வாறேன்.”

மறுநாள் காலை மேடேறி, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி மாஸ்டரிடம் சொன்னாள், “கல்தி மேரா, தப்பு என்னோடது. புள்ள மேல தப்பில்ல.” சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் ஞானசெல்வியை மூன்றாம் வகுப்பில் எழுதிக்கொண்டார். ஹிந்தி எழுத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றார். ஞானசெல்வி அம்மாவின் கையை விட்டுவிட்டுப் போய் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் தள்ளி இடம் கொடுத்தாள்.

“வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறதே?” என்றார் மாஸ்டர்.

“ஜெயமணி. அஞ்சு வயசு.”

“அவளையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.”

செலின் யோசித்தாள். “அவளுக்கு இன்னும் தமிழ் எழுத்து முடியல மாஸ்டர்ஜி. முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடுறேன்.”

“எப்போது முடியும்?”

“ஒரு வருஷம்.”

“ஆறு மாதம்” என்றார் அவர்.

“எட்டு” என்றாள் செலின். மாஸ்டர் தலையாட்டியதும் மேட்டிலிருந்து இறங்கினாள். வீட்டில் ஜெயமணிக்கு உயிரெழுத்தே பாதியில்தான் நின்றிருந்தது.